தைக்காட்டிலிருந்து கரமனை வரை: எழுபதுகளின் பாட்டுச் சிநேகங்கள்

கரமனை ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டு, கிள்ளிப்பாலத்தைத் தாண்டித் திருவனந்தபுரம் நகருக்குள் நடந்து செல்கிறவர் ஒருவர், அதிகம் அவசரப்படாமலே, அட்டக்குளங்கரைப் பள்ளிக்கூட வளாகத்தையும், தைக்காட்டில் இருக்கும் சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரியையும், வழுதக்காட்டில் இருக்கும் வானொலி நிலையத்தையும், அதே வட்டாரத்து அரசு மகளிர் கல்லூரியையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இவ்வளவு சிறிய வட்டத்துக்குள்ளேதான், 1960-களின் தொடக்கத்திலிருந்து 1980-களின் தொடக்கம் வரை, சங்கீதத்தையே ஜீவனமாக வரித்துக்கொண்ட சில இளைஞர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டு, ஒருவர் எழுதியதற்கு மற்றொருவர் மெட்டமைத்து, அதை இன்னொருவர் பாடி, பாடகரின் தங்கைக்கோ மாணவிக்கோ அந்தப் பாட்டைக் கற்றுக்கொடுத்து, இன்று கேரளமும் தமிழகமும் சேர்ந்து அனுபவிக்கும் ஒரு பெரிய கான சம்பத்தைத் தேடிவைத்தார்கள். அவர்களில் பலருடைய பெயர் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்; ஆனால் அந்தப் பெயர்களுக்கு இடையே ஓடிய சிநேகம் அவ்வளவாகத் தெரிந்ததல்ல. அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

கரமனைக்கு இவ்விஷயத்தில் ஒரு பூர்வ பாத்தியதை உண்டு. நாகர்கோவிலை அடுத்த வடிவீஸ்வரத்தில் 1839-ல் பிறந்து, பத்மநாபபுரத்தில் நீலகண்ட சுவாமியின் சந்நிதியே கதியென்று வாழ்ந்து, பிற்காலத்தில் கரமனைக்கு வந்து சேர்ந்த நீலகண்ட சிவன், தமிழிலே பக்தி ரசம் ததும்பும் கீர்த்தனங்களைப் பாடியும் பாடுவித்தும் 1900-ல் மறைந்தார். தகப்பனாரை இழந்து, தாயுடன் தஞ்சை ஜில்லாவிலிருந்து திருவனந்தபுரம் வந்த போலகம் ராமையா என்ற சிறுவன், அந்தப் பெரியவருடைய பஜனைகளில் மனம் தோய்ந்தான். அந்தச் சிறுவனே பின்னாளில் பாபநாசம் சிவன் ஆனார். மயிலாப்பூரில் மார்கழி பஜனையை நடத்தியவரும், தியாகராஜ பாகவதரின் திரைப்பாடல்களுக்குச் சாகித்தியம் அளித்தவரும், 1971-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவருமான அந்த மகானுடைய பக்தியின் ஊற்றுக்கண்களில் ஒன்று கரமனையில் திறந்தது. முதியவரும் சிறுவரும் கூடிப் பாடிய அந்தப் பழக்கத்தைச் சிநேகம் என்று சொல்வதா, குருகுலம் என்று சொல்வதா என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பாட்டு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போகும் வழி, பெரும்பாலும், பிரியத்தின் வழியாகவே இருக்கிறது.

எழுபதுகளில் உலகின் வேறொரு மூலையிலும் இப்படியே நடந்தது. அமெரிக்காவின் கிராமத்து உழவர்களும் மாடு மேய்ப்பவர்களும் பாடிவந்த பாட்டை மின்சாரக் கிதாரோடும் டிரம்ஸோடும் சேர்த்து 'கன்ட்ரி ராக்' என்று புதியதொரு கானத்தை உண்டாக்கியவர்கள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில், பெரும்பாலும் கையில் காசில்லாத சிநேகிதர்களாகவே இருந்தார்கள். எக்கோ பார்க் என்ற பகுதியில் க்ளென் ஃப்ரேயும் ஜே. டி. சௌதரும் ஓர் அறையில் குடியிருக்க, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜாக்சன் பிரவுன் குடியிருந்தார். கீழே அவர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்துச் செப்பனிடுவதை மேலே கேட்டுக்கேட்டுத்தான் பாட்டு எழுதும் வித்தையைத் தாம் கற்றுக்கொண்டதாக ஃப்ரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1971-ல் லிண்டா ரான்ஸ்டாட் என்ற பாடகிக்குப் பக்கவாத்தியம் வாசிக்கச் சேர்ந்த ஃப்ரேயும் தோழர்களும், அவருடைய சம்மதத்தோடும் வாழ்த்தோடும் பிரிந்து 'ஈகிள்ஸ்' என்ற குழுவை அமைத்தார்கள். கிராம் பார்சன்ஸ் என்ற பாடகர், அதிகம் அறியப்படாதிருந்த எம்மிலூ ஹாரிஸைத் தம்மோடு சேர்ந்து பாட அழைத்து, இரண்டே வருஷங்களில், 1973-ல், இளவயதிலேயே இறந்துபோனார். அந்தப் பெண்மணி அதன்பின்னும் அவர் காட்டிய பாதையிலேயே பாடிவந்தார். வயல்வெளிப் பாட்டு நகரத்து வாத்தியத்தைச் சந்திக்க வேண்டுமானால், அதற்குமுன் சில மனிதர்கள் ஒருவரையொருவர் சந்தித்தாக வேண்டும் என்பதை அந்தச் சரித்திரம் காட்டுகிறது. நம்முடைய திருவனந்தபுரத்துச் சரித்திரமும் அதையே, இன்னும் அழுத்தமாக, காட்டுகிறது.

திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாள் 1939-ல் ஆரம்பித்துவைத்த சங்கீத அகாடமியே பின்பு சுவாதித் திருநாள் பெயரைத் தாங்கிய கல்லூரியாயிற்று. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் முதல் தலைவராக வீற்றிருந்த அந்த ஸ்தாபனத்தில் அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் பொறுப்பேற்றார். இப்படித் தமிழ்நாட்டு வித்வத்தின் நேர் வாரிசாக வளர்ந்த அந்தக் கல்லூரிக்கு, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கொச்சிக் கோட்டையிலிருந்து ஒரு நாடகப் பாடகரின் மகன் வந்து சேர்ந்தார். ஹரிப்பாட்டிலிருந்து ஓர் ஆர்மோனிய வித்வானின் மகன் வந்தார். குளத்துப்புழை என்ற மலையோரக் கிராமத்திலிருந்து ஓர் ஏழை இளைஞன் வந்தார். முதலாமவர் கே. ஜே. யேசுதாஸ், இரண்டாமவர் எம். ஜி. ராதாகிருஷ்ணன், மூன்றாமவர் பிற்காலத்தில் ரவீந்திரன் மாஸ்டர் என்று மலையாள நாடு முழுவதும் மரியாதையோடு அழைத்த ரவி. மூவரும் அக்காலத்து மாணவர்கள். மூவருக்கும் சங்கீதத்தில் பிடிவாதம் இருந்தது, பணவசதி இல்லை. யேசுதாஸ் அந்தப் படிப்பை முடிக்காமலே விட்டுப்போகும்படி நேர்ந்ததற்குப் பணமுடையே காரணம்.

இந்த மூவரில் யேசுதாஸுக்கும் ரவீந்திரனுக்கும் இடையே இருந்த தோழமையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். யேசுதாஸுக்கு யோகம் சீக்கிரமே வாய்த்தது. 1961 நவம்பரில், எம். பி. ஸ்ரீநிவாசன் இசையில், 'கால்ப்பாடுகள்' என்ற படத்துக்காக நாராயண குருவின் வாக்கைப் பாடிய நாள் முதல் அவர் குரல் ஓய்ந்ததில்லை. ரவீந்திரனுக்கோ வழி அடைபட்டே இருந்தது. பாடகராக வேண்டும் என்ற ஆசையோடு சென்னை சென்றவர், 1969-ல் பாபுராஜின் இசையில் ஒரு படத்தில் பாடி, அதன்பின் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பாட்டுகள் மட்டும் கிடைத்து, ஜீவனத்துக்காக ரவிகுமார் என்ற நடிகருக்குப் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டு, ஏறத்தாழப் பத்து வருஷம் கழித்தார். அப்போது அவருக்குள் ஒரு பாடகரைவிடப் பெரியவரான ஓர் இசையமைப்பாளர் இருப்பதைக் கண்டுபிடித்தவர் பழைய கல்லூரித் தோழரான யேசுதாஸ்தான். மெட்டமைக்கும்படி தூண்டியதோடு நில்லாமல், இயக்குநர் சசிகுமாரிடம் அவருக்காகப் பரிந்து பேசி, 1979-ல் 'சூள' என்ற படத்தைப் பெற்றுக்கொடுத்து, அதில் தாமே பாடினார். புகழின் உச்சியில் இருக்கும் ஒருவர், கீழே தயங்கி நிற்கும் சகபாடிக்குக் கை கொடுப்பது உதாரகுணம் என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் அடுத்த கால் நூற்றாண்டில், நல்ல தேர்ச்சி பெற்ற கண்டத்தையும் சோதித்துப் பார்க்கும் கடினமான ராகப் பிரயோகங்களை ரவீந்திரன் தம் தோழருடைய குரலுக்கென்றே சமைத்துக் கொடுத்ததைக் கேட்கிறவர்களுக்கு, அந்தக் கடன் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது புரியும். 1991-ல் வந்த 'பரதம்' அதற்குச் சாட்சி.

ராதாகிருஷ்ணனுடைய கதை வேறு விதமானது. அவர் சென்னைக்குப் போகவில்லை, திருவனந்தபுரத்திலேயே இருந்தார். தகப்பனார் மலபார் கோபாலன் நாயர் ஆர்மோனிய வித்வான்; தாயார் கமலாட்சி அம்மா ஹரிகதை செய்கிறவர்; தங்கை ஓமனக்குட்டி கர்நாடக சங்கீத விதுஷி; கடைசித் தம்பி ஸ்ரீகுமார், பின்னாளில் இரண்டு முறை தேசிய விருது பெற்ற பாடகர். இப்படி வீடே ஒரு சங்கீத சபையாக இருந்த ராதாகிருஷ்ணன் 1962-ல் திருவனந்தபுரம் வானொலியில் உத்தியோகம் ஏற்றார். அந்த நிலையம் 1943-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்து வானொலியாகத் தொடங்கி, 1950 ஏப்ரல் முதல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. நாலு சுவருக்குள் சம்பளத்துக்கு உழைத்த ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர், ஒரு பிரதேசத்தின் செவியையே பண்படுத்த முடியும் என்பதை நம்பாதவர்கள் ராதாகிருஷ்ணனுடைய வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

மலையாளத்தில் லளித கானம் என்றும் தமிழில் மெல்லிசை என்றும் சொல்லப்படும் வடிவத்தை அவர் தம் சொந்த நிலமாக ஆக்கிக்கொண்டார். சினிமாவில் பாட்டுக்கு முன்பே கதாநாயகன் யார், காட்சி எது, எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் நிச்சயமாகிவிடும். வானொலிப் பாட்டுக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. கவிஞர் சில அடிகள் எழுதிக் கொடுப்பார். நிலையத்திலேயே சம்பளம் பெறும் வயலின், புல்லாங்குழல், வீணை, தபேலாக் கலைஞர்கள் இருப்பார்கள். மெட்டமைப்பவருக்கு ஒரு ராகத்தின் நிழலில் உட்கார்ந்து, சொல்லின் பாவத்தை மட்டும் தியானித்து, பாட்டை வளர்க்க அவகாசம் உண்டு. மேலும், வானொலியில் லளித சங்கீத பாடம் என்று ஒரு நிகழ்ச்சியை அவர் நடத்தினார். ஓர் அடியைத் தாம் பாடி, மாணவியைப் பாடச் சொல்லி, பிழை திருத்தி, மறுபடியும் பாடச் செய்து, ஒரு பாட்டு முழுவதையும் கேட்பவர்களுக்குக் கற்பித்துவிடுவார். வானொலிப் பெட்டிக்கு முன் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக உட்கார்ந்து, சங்கீத வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க வகையில்லாத வீடுகளின் பெண்களும் பிள்ளைகளும் அப்படியே பாட்டுக் கற்றுக்கொண்டார்கள். கேரளத்தில் இன்று ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் பேசினாலும் அந்தப் பாடங்களின் நினைவு உடனே வந்துவிடுகிறது.

இந்த இடத்தில், குட்டநாட்டிலிருந்து ஒரு வக்கீல் வருகிறார். கவிஞரும் நாடகாசிரியருமான காவாலம் நாராயணப் பணிக்கர் 1928-ல் காவாலம் என்ற நீர்சூழ்ந்த கிராமத்தில் பிறந்தவர். ஆலப்புழையில் வக்கீல் தொழில் பார்த்தவர். 1961 முதல் பத்து வருஷம் திருச்சூரில் கேரள சங்கீத நாடக அகாடமியின் காரியதரிசியாக இருந்தவர். அந்தப் பதவியில் இருந்தபோது கேரளத்தின் கிராமியக் கலைகளையெல்லாம் நேரில் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. நாற்று நடும்போதும் கதிர் அறுக்கும்போதும் பாடுகிற பாட்டு, தோணி துழாவும்போது பாடுகிற வஞ்சிப்பாட்டு, கோவிற் படிக்கட்டின் அருகே இடக்கா வாத்தியத்தை வாசித்துக்கொண்டு நிதானமாகப் பாடுகிற சோபான சங்கீதம் ஆகிய இவையெல்லாம் அவருக்குள் ஏற்கெனவே ஊறிக்கிடந்தன. 1974-ல் அவர் தம் நாடகக் குழுவோடு திருவனந்தபுரத்துக்குக் குடிபெயர்ந்தார். நகரத்து லளித கானமும் நாட்டுப்புறத்துத் தாளமும் ஒன்றையொன்று சந்தித்தது அந்தக் குடிபெயர்ச்சியால்தான் என்பது என் முடிவு.

காவாலம் என்றே அழைக்கப்பட்ட அவருடைய பாட்டு, கவிதையாக எழுதப்பட்டுப் பிற்பாடு மெட்டுக்கு வந்த பாட்டன்று. தாளம் முதலில் பிறக்கும்; 'தித்தித்தாரா' போன்ற வாய்த்தாரிச் சொற்கள் அதன் மேல் உருளும்; அந்தச் சொற்களின் இடுக்கிலிருந்து அர்த்தமுள்ள சொல் மெல்லத் தலைநீட்டும். இப்படி எழுதப்பட்ட சாகித்தியத்தை, கல்பனாஸ்வரம் பாடிப் பழகிய சாஸ்திரீய வித்வான் ஒருவரிடம் கொடுத்தால் அவர் திகைப்பார். சினிமா மெட்டுக்காரரிடம் கொடுத்தால் அதைச் சீர்செய்து கெடுத்துவிடுவார். ராதாகிருஷ்ணனிடம் கொடுத்தபோது, ஹரிகதையும் ஆர்மோனியமும் கேட்டு வளர்ந்த அவருடைய காது, அந்தத் தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் ராகத்தை ஓர் ஈர வேட்டியை உலர்த்துவதுபோல லேசாக விரித்தது. இருவரும் சேர்ந்து வானொலிக்காகப் படைத்த பாட்டுகள் பின்னர் ஒலிநாடாக்களாகவும் பரவின. 1980-ல் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி ஸ்டுடியோவை ஆரம்பித்தபோது, பழைய சகபாடியின் மெட்டுகளுக்கு அங்கேயும் இடம் இருந்தது.

காவாலத்தைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. கார்ட்டூனிஸ்டாகவும் ரப்பர் போர்டு உத்தியோகஸ்தராகவும் இருந்து சினிமா எடுக்கப் புகுந்த ஜி. அரவிந்தன் வந்தார். ஆலப்புழை எஸ். டி. கல்லூரியில் படித்து, பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டு, மிருதங்கத்திலும் கை வைத்திருந்த நெடுமுடி வேணு வந்தார். பிற்காலத்தில் பரத் கோபி என்று அறியப்பட்ட கோபி வந்தார். காவாலம் கிராமத்தையே தம் சொந்த ஊராகக் கொண்ட கவிஞர் ஐயப்பப் பணிக்கர் அருகிலேயே பேராசிரியராக இருந்தார். எழுபதுகளின் நடுவில் அரவிந்தன் இயக்கிய காவாலத்தின் 'அவனவன் கடம்ப' என்ற நாடகம் அரங்கத்தையும் திரையையும் விட்டு வெளியே வந்து, அட்டக்குளங்கரைப் பள்ளி வளாகத்து மரத்தடியில், திறந்த வெளியில் நடந்தது. பாட்டும் தாளமும் அடவும் வசனத்தின் வேலையைச் செய்த அந்த நாடகத்தில் நடிகர்கள் எல்லோரும் பாடியாக வேண்டும். பாடுகிறவர்கள் எல்லோரும் ஆடியாக வேண்டும். வேணுவின் தாள ஞானம் அங்கேதான் பட்டை தீட்டப்பட்டது. நம்முடைய தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாமலிருக்கலாம். ஆனால் நகரத்துப் படித்த வர்க்கம் அப்படி மண்ணில் உட்கார்ந்து ஒரு நவீன நாடகத்தைப் பார்த்தது அன்று பெரிய விஷயம்.

நாடகத்துக்கு வெளியே இவர்கள் நண்பர்களாகவே கூடி வாழ்ந்ததால், அடுத்த காரியம் தானாகவே நிகழ்ந்தது. 1978-ல் அரவிந்தன் 'தம்பு' என்ற படத்தை எடுத்தார். பாரதப்புழையின் கரையில் திருநாவாயா என்ற கிராமத்துக்கு ஓர் உண்மையான சர்க்கஸ் கோஷ்டியை அழைத்துச் சென்று, கூடாரம் அடிக்கச் செய்து, வேடிக்கை பார்க்க வந்த கிராமத்தாரின் முகங்களை அவர்கள் அறியாமலே ஷாஜி என். கருண் படம்பிடித்தார். வேணுவுக்கு அது முதற்படம், ராதாகிருஷ்ணன் சினிமாவுக்கு இசையமைத்ததும் அதுவே முதல், பாட்டு காவாலத்தினுடையது. அடுத்த வருஷம் 'கும்மாட்டி' வந்தது. குழந்தைகளைப் பிடித்துப்போகிறவன் என்று பாட்டிமார் பயமுறுத்தும் பூச்சாண்டி, பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் ஒரு கிராமத்துக்கு வந்து, குழந்தைகளைப் பிராணிகளாக மாற்றுகிற கதை. அதில் குழந்தைகள் அவன் பின்னால் பாடிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கிறவர்களுக்கு, கிராமத்து மெட்டு என்பது அலங்காரத்துக்காகத் தடவிய சாயமாகத் தெரியாது. அது அந்த மண்ணிலிருந்தே எழுவதாகத் தெரியும். இவ்விரண்டு படங்களும் பின்னாளில் சுத்திசெய்யப்பட்டு, புதிய பிரதிகளாக உலகத் திரைவிழாக்களில் மறுபடி காட்டப்பட்டன. 2022-ல் 'தம்பு' கான் விழாவின் பழம்பெரும் படங்களின் வரிசையில் இடம்பெற்றது.

மேலே பெயர் சொன்ன எம். பி. ஸ்ரீநிவாசனைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்தூரில் பிறந்த தமிழர். சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கண்டவர். சேர்ந்திசை என்னும் கூட்டுப்பாட்டை இயக்கமாக வளர்த்தவர். அடூர் கோபாலகிருஷ்ணனின் 1972-ஆம் வருஷத்துச் 'சுயம்வரம்' முதல் அவருடைய படங்களுக்கு இசை தந்துகொண்டே இருந்து, 1988-ல் லட்சத்தீவில் சேர்ந்திசை கற்பிக்கப் போன இடத்தில் மறைந்தார். மலையாள இசையில் தமிழரின் பங்கைப் பேசுகிறவர்கள் இவரை மறந்துவிடுவது நியாயமல்ல.

இதே வருஷங்களில் தமிழகத்திலும் ஒரு சிநேகக் கூட்டம் இதே காரியத்தைச் செய்துகொண்டிருந்தது. பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் பாஸ்கரும் இளையராஜாவும் கங்கை அமரனும், அல்லிநகரத்துப் பாரதிராஜாவும் சென்னையில் ஒன்றாகக் கஷ்டப்பட்டார்கள், எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் அந்தச் சகோதரர்கள் வாத்தியம் வாசித்தார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா மேற்கத்திய இசையைக் கற்றார். 1976-ல் பஞ்சு அருணாசலம் கொடுத்த வாய்ப்பினால் 'அன்னக்கிளி'யும், அடுத்த வருஷம் '16 வயதினிலே'யும் வெளிவந்தபோது, தெம்மாங்கும் கிதாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியும் என்பது தமிழர்களுக்குத் தெரிந்தது. அந்தக் கதையைத் தமிழ் வாசகர்கள் நன்கு அறிவார்கள் ஆகையால் விரிக்கவில்லை. ஆயினும் இரண்டு நீரோட்டங்களும் கலந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும்: 1982-ல் 'ஆலோலம்' என்ற மலையாளப் படத்தில் காவாலத்தின் சாகித்தியத்துக்கு இளையராஜா மெட்டமைத்தார். குட்டநாட்டு வயலும் கம்பம் பள்ளத்தாக்கும் சந்தித்த அந்தப் பாட்டுகள் இன்றும் கேட்கத் தகுந்தவை.

இப்போது கரமனைக்குத் திரும்புகிறேன். இங்கே, பள்ளிக்கூட ஆசிரியரும் பாடகருமான கரமனை கிருஷ்ணன் நாயர் என்று ஒருவர் இருந்தார். மனைவி சாந்தகுமாரியும் சங்கீதம் அறிந்தவர். மூத்த மகள் பீனா பாடுவார். இளைய மகள், 1963 ஜூலை 27-ல் பிறந்த சித்ரா, அக்காள் பாடுவதைக் கேட்டுக்கேட்டே பாட ஆரம்பித்தவர். மேலே சொன்ன சிநேக வட்டம் இந்த வீட்டின் வாசல் வரை வந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். சித்ராவுக்குக் கர்நாடக சங்கீதம் கற்பித்த குரு ஓமனக்குட்டி, ராதாகிருஷ்ணனின் தங்கை. வானொலியில் அந்தப் பெண்குழந்தையின் குரலைக் கேட்டு வளர்த்தவர் ராதாகிருஷ்ணன். 1979-ல் 'அட்டகாசம்' என்ற படத்துக்காக அவர்தாம் சித்ராவை முதன்முதலாகப் பின்னணி பாடவைத்தார். அந்தப் படம் தாமதமாக, 1983-ல்தான் வெளிவந்தது. அதற்குள் 1982-ல், அவருடைய இசையிலேயே வந்த 'ஞான் ஏகனாணு' படத்தின் பாட்டுகள் சித்ராவை ஊரறியச் செய்துவிட்டன. அந்தப் படத்தில் அவரோடு இணைந்து பாடியவர் யேசுதாஸ். தைக்காட்டில் சகபாடிகளாக இருந்த இருவர், ஒருவர் மெட்டமைக்க ஒருவர் பாட, நடுவில் தங்கையின் மாணவி நிற்கிறாள். இதைவிட நிறைவான ஒரு காட்சியை நான் இந்தச் சரித்திரத்தில் காணவில்லை.

அங்கிருந்து சித்ரா தமிழுக்கு வந்ததும் ஒரு சிநேகத்தின் வழியாகத்தான். நெடுமுடி வேணுவோடு ஆலப்புழைக் கல்லூரியில் படித்து, அவரோடு மேடையில் பலகுரல் நிகழ்ச்சி செய்த நண்பர் ஃபாசில். அவர் 1984-ல் ஜெர்ரி அமல்தேவின் இசையில் எடுத்த மலையாளப் படத்தில் சித்ரா பாடியிருந்தார். அந்தப் படத்தைத் தமிழில் 'பூவே பூச்சூட வா' என்று 1985-ல் எடுத்தபோது இசை இளையராஜாவினுடையது. இப்படியாகச் சித்ராவின் குரல் இளையராஜாவை எட்டியது; அந்தப் படத்தின் பாட்டாலேயே தமிழர்கள் அவரைச் 'சின்னக்குயில்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். அதே வருஷத்தில் 'சிந்து பைரவி' வந்தது. கிராமத்துப் பாட்டாக ஆரம்பித்து, சாரமதி ராகத்தில் தியாகையரின் கிருதியோடு போய்ச் சேரும் அந்தப் பாடலுக்காகச் சித்ராவுக்கு முதல் தேசிய விருது கிடைத்தது. நாட்டுப்பாட்டும் சாஸ்திரீய சங்கீதமும் வேறு வேறு ஜாதியல்ல என்று வாதாடும் அந்தப் படத்துப் பெண் பாத்திரத்துக்குக் குரல் கொடுக்க, ராதாகிருஷ்ணனின் வானொலிப் பாட்டையும் ஓமனக்குட்டியின் கர்நாடக சிக்ஷையையும் ஒருங்கே பெற்று வளர்ந்த கரமனைப் பெண்ணைக் காட்டிலும் தகுதியுள்ளவர் யார்? அந்தக் குரலில் இருந்த தயார்நிலைக்குப் பத்து இருபது வருஷத்து நட்பு உழைத்திருந்தது.

இந்தச் சிநேகத்தின் முழு விளைச்சலை 1993-ல் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தில் பார்க்கலாம். ஃபாசில் இயக்கினார்; வேணு நடித்தார்; யேசுதாஸும் சித்ராவும் பாடினார்கள்; இசை எம். ஜி. ராதாகிருஷ்ணன். தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு தமிழ் நர்த்தகியின் கதையைச் சொல்லும் அந்தப் படத்துக்காக, அதிகம் பேர் சினிமாவில் தொடத் துணியாத ஆஹிரி ராகத்தை எடுத்து அவர் ஜனங்களின் நாவிலேயே உலவவிட்டார். படத்தின் காட்சிகளில் ஒரு பகுதியை எடுத்த பத்மநாபபுரம் அரண்மனை, நீலகண்ட சிவன் தம் இஷ்ட தெய்வத்தைப் பாடிய கோவிலுக்கு அருகில்தான் இருக்கிறது.

ராதாகிருஷ்ணன் 2010 ஜூலையில் மறைந்தார். ரவீந்திரன் 2005-லும், அரவிந்தன் 1991-லும், காவாலம் 2016-லும், நெடுமுடி வேணு 2021-லும் காலமானார்கள். ஓமனக்குட்டி டீச்சருக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சினிமாவில் வந்த பாட்டுகளுக்கு அழிவில்லை. அவற்றை யாராவது பாடிக்கொண்டே இருப்பார்கள். என்னுடைய கவலையெல்லாம் வானொலிப் பாட்டுகளைப் பற்றியது. ஒருமுறை ஒலிபரப்பாகி, சில வீடுகளின் நோட்டுப் புத்தகங்களில் மட்டும் தங்கிய அந்தக் கானங்களை எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் ஆகியோரோடு, அன்று ஸ்டுடியோவில் புல்லாங்குழலும் தபேலாவும் வாசித்தவர்களின் பெயர்களையும் சேர்த்து, வானொலி நிலையம் தொகுதி தொகுதியாக வெளியிட வேண்டும். அதுவரை காத்திருக்காமல், கரமனையிலும் சாலைக் கடைத்தெருவிலும் தைக்காட்டிலும் உள்ள தமிழ், மலையாளக் குடும்பங்கள், தங்கள் வீட்டுப் பெண்கள் லளித சங்கீத பாடத்தைக் கேட்டு எழுதிவைத்த பழைய நோட்டுப் புத்தகங்களையும், வானொலியிலிருந்து பதிவு செய்த ஒலிநாடாக்களையும் தேடி எடுத்து, ஒரு நூலகத்திலோ சங்கீதக் கல்லூரியிலோ ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.